டில்லி வெயிலும் மண்பானைத் தண்ணீரும்



வைகாசி மாதத்துப் பிற்பகலில் கரோல் பாக்கின் அஜ்மல்கான் சாலை வழியே நடந்து செல்வோருக்கு, அடுப்பின் வாயைத் திறந்தாற்போல் முகத்தில் வந்து மோதும் காற்று எதுவென்று சொல்ல வேண்டுவதில்லை. 'லூ' என்று இவ்வூரார் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மேற்கேயுள்ள ராஜஸ்தானத்து மணல்வெளியைக் கடந்து வரும் அந்த உலர்ந்த காற்றை முதன்முதலாகச் சந்திக்கும் தமிழர், விந்தையான வார்த்தை ஒன்றைச் சொல்வதுண்டு. "வெயில் கடுமைதான், ஆனாலும் இங்கே வியர்ப்பதே இல்லையே! சென்னைப் புழுக்கத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்பார். நான் இங்கு வந்த முதல் ஆண்டில் அப்படித்தான் சொன்னேன். என்னைப் போலவே பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த வார்த்தையில் ஒரு பிழை இருக்கிறது. பேச்சுப் பிழையாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உடலையும், சில வேளைகளில் உயிரையும் பாதிக்கக்கூடிய பிழையாக இருப்பதால்தான் இன்று அதைப் பற்றிப் பேச முன்வந்தேன்.

கரோல் பாக் நம்மவர்களுக்குப் புதிய இடமன்று. தலைநகரத்தில் அரசாங்க அலுவல் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பாரதம் விடுதலை பெற்ற காலத்தையொட்டி இங்கே குடியேறின. மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த மக்களும் அதே தெருக்களில் வாழ்வைப் புதிதாகத் தொடங்கினார்கள். மருத்துவத்தோடும் இப்பேட்டைக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. ஹக்கீம் அஜ்மல்கானின் முயற்சியால் உருவாகி, 1921-ஆம் ஆண்டில் காந்தியடிகளால் திறந்து வைக்கப்பட்ட திப்பியா கல்லூரி இங்கேதான் அமைந்திருக்கிறது. இத்தகைய பேட்டையில் இருந்துகொண்டு நீரைப் பற்றியும் நலத்தைப் பற்றியும் சிந்திப்பது பொருத்தமே அல்லவா?

முதலில் ஒரு மண்பானையைப் பார்ப்போம். சென்னையில் வாங்கிய பானையில் ஊற்றிய தண்ணீர் ஓரளவு குளிர்கிறது. அதைப்போன்ற பானையையே கோடையில் டில்லியில் வைத்தால் தண்ணீர் சில்லென்று ஆகிவிடுகிறது. டில்லி மண்ணின் விசேஷம் இது என்று நினைப்பவர் உண்டு. உண்மையான காரணம் காற்றில் இருக்கிறது. பானையின் நுண்ணிய துளைகள் வழியாக நீர் வெளியே கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கடற்கரை ஊரில் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து நிற்பதால் கசிந்த நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். டில்லிக் காற்றோ ஈரத்துக்கு ஏங்கி நிற்கிறது. கசிந்த நீரை உடனுக்குடன் பருகிவிடுகிறது. ஆகையால் பானை நன்றாகக் குளிர்கிறது.

ஆனால் அந்தக் குளிர்ச்சி இலவசமாகக் கிடைப்பதில்லை. நன்றாகக் குளிரும் பானை விரைவாகக் குறையும். மாலையில் மூடியைத் திறந்து பார்த்தால், நாம் எடுத்துக் குடித்ததைவிடச் சற்று அதிகமாகவே நீர்மட்டம் இறங்கியிருக்கும். ஜன்னலில் நனைத்துக் கட்டும் வெட்டிவேர்த் தட்டியும், வீடுதோறும் இரையும் கூலர் இயந்திரமும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்கு ஓயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டியிருப்பதை நாம் நன்கு அறிவோம். கூலரின் தொட்டி வறண்டால் உள்ளே வருவது வெறும் அனல் காற்றுதான்.

நேயர்களே, நம்முடைய உடலும் அப்படிப்பட்ட ஒரு பானைதான். நம்மில் வளர்ந்த ஆண் ஒருவரின் எடையில் நூற்றுக்கு 60 பங்கு வரையில் நீர். முதுமையில் அது ஏறக்குறைய 50 பங்காகக் குறைகிறது. வெளியுலகம் உடலைவிடச் சூடாக இருக்கும்போது, உடலைக் குளிரச் செய்ய இயற்கை நமக்குத் தந்திருக்கும் வழி வியர்வை ஒன்றே. ஒரு கிராம் வியர்வை தோலின்மீது ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உணவுக் கணக்கில் சொல்லும் பெரிய கலோரியை நான் சொல்லவில்லை. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான சிறிய கலோரியையே சொல்கிறேன். வெயிலில் கடுமையாக உழைக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையை இழக்கக்கூடும்.

இப்போது அந்தப் பிழை எதுவென்று விளங்கும். டில்லியில் நமக்கு வியர்க்காமல் இல்லை. வியர்க்கிறது, ஆனால் வியர்த்த கணமே காற்று அதைக் கொண்டுபோய்விடுகிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் சட்டையே, "தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, குடி" என்று நமக்கு நினைவூட்டியது. தோளில் கிடந்த துண்டு நனைந்ததும் கை தானாகவே செம்பை நாடியது. பிறந்தது முதல் பழகிய அந்த அடையாளம் இங்கே கிடையாது. சட்டை உலர்ந்திருக்கிறது; துண்டும் உலர்ந்திருக்கிறது. செலவு நடந்துகொண்டே இருக்கிறது; செலவுக் கணக்கு மட்டும் கண்ணில் படுவதில்லை. கறுப்புச் சட்டை அணிந்தவர் மாலையில் அதைக் கழற்றிப் பார்த்தால், முதுகில் வெள்ளைக் கோடுகளாக உப்புப் படிந்திருப்பதைக் காணலாம். அந்தக் கோடுகள்தாம் அன்றைய கணக்கு.

தாகம் எடுக்குமே, அது போதாதா என்று கேட்கலாம். இளைஞருக்கும் உடல்நலம் உள்ளவருக்கும் தாகம் பெரும்பாலும் நல்ல வழிகாட்டிதான். ஆயினும் அது சற்றுப் பிந்தி வரும் வழிகாட்டி. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு நீர் குறைந்தாலே வேலைத்திறனும் கவனமும் தளரத் தொடங்குகின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒன்றேகால் லிட்டரைவிடச் சற்றுக் குறைவு. தலைவலி, எரிச்சல், வாய் உலர்தல், கால் தசை இழுத்துப் பிடித்தல், எழுந்து நின்றால் கண் இருளுதல் ஆகியவை இதனால் நேரலாம். அவற்றை அலுவலகச் சலிப்பென்றும் பித்தமென்றும் நாமே பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம். முதியோருக்கோ தாக உணர்ச்சியே மங்கிப்போகிறது. உடலில் நீர் குறைந்திருந்தாலும் வாய் கேட்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது முழுமையாக உணரவில்லை. எங்கள் தெருவில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகே உணர்ந்தேன். நண்பர் ஒருவருடைய தந்தை, எழுபத்தைந்து வயதைக் கடந்தவர், பேரக் குழந்தைகளைப் பார்க்கத் தஞ்சைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மே மாதத்தில் வந்திருந்தார். சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நாள் ரயில் பயணம். ஓடும் வண்டியில் கழிப்பறைக்குத் தள்ளாடிச் செல்ல அஞ்சி, வழிநெடுகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். வீடு மூன்றாவது மாடி. இரவில் எழுந்தால் மருமகளின் தூக்கம் கெடுமே என்று இங்கும் மாலை ஐந்து மணிக்குமேல் எதுவும் அருந்துவதில்லை. "அப்பா, தண்ணீர் குடித்தீர்களா?" என்று மகன் கேட்கும்போதெல்லாம், "தாகமே இல்லையப்பா, இங்கேதான் வியர்க்கவே இல்லையே" என்பார்.

நான்காம் நாள் பிற்பகல் மொட்டை மாடியில் காயவைத்த வடாத்தை எடுக்கப் போனவர், படியிலேயே சாய்ந்துவிட்டார். நினைவு தப்பவில்லை, ஆனால் பேச்சு குழறியது, மகனையே யாரென்று கேட்டார். பக்கவாதமோ என்று வீடே கலங்கிவிட்டது. மருத்துவரிடம் கொண்டு சென்று, நரம்பின் வழியாக உப்புநீர் ஏற்றிய பிறகு, இரவுக்குள் தெளிவு வந்தது. "இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் சிறுநீரகமே பழுதாகியிருக்கும்" என்றார் மருத்துவர். அன்றிரவு அந்தப் பெரியவர் மகனிடம் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "உனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்றுதானப்பா குடிக்காமல் இருந்தேன்."

நேயர்களே, நம்மில் பலர் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. கூச்சமும் ஒரு காரணம். வெளியே செல்லும் பெண்கள், நல்ல கழிப்பறை கிடைக்காதென்று காலையிலிருந்தே நீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக் குழந்தைகளும் அதே காரணத்துக்காகப் புட்டியை நிறையக் கொண்டுபோய் நிறையவே திருப்பிக் கொண்டு வருகிறார்கள். முதியோர் பிறருக்குச் சுமையாகிவிடுவோமோ என்று தயங்குகிறார்கள். இவர்களிடம் "குடியுங்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. குடிப்பதற்கு இருக்கும் தடையை நீக்க வேண்டும். முதியவரின் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடையில் இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். "இரவில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்திருங்கள், எங்களுக்கு ஒன்றும் சிரமமில்லை" என்று மருமகள் தம் வாயாலேயே ஒருமுறை சொல்லட்டும். அந்த ஒரு சொல் பல மருந்துகளுக்குச் சமமாகும்.

இனி, எவ்வளவு குடிப்பது? நாளொன்றுக்கு எட்டுக் கோப்பை என்று எங்கும் ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு ஊட்ட வாரியம், வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர் நீர் தேவை என்று சொன்னது. அதன் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும் என்ற அடுத்த வாக்கியத்தைப் பலர் மறந்துவிட்டதால், இந்தக் கணக்கு நிலைத்துவிட்டதாகக் கருதப்படுகிறது. உண்மையில் எல்லோருக்கும் பொதுவான அளவு எதுவும் இல்லை. நிழலில் அமர்ந்து எழுதுபவருக்கும், வெயிலில் மூட்டை சுமப்பவருக்கும் தேவை ஒன்றாக இருக்க முடியுமா? ரசமும் மோரும் ஊற்றிச் சோறு உண்பவருக்கும் உலர்ந்த ரொட்டி உண்பவருக்கும் கணக்கு ஒன்றாகுமா?

அளவுகோல் நம் உடலிலேயே இருக்கிறது. சிறுநீர் வெளிறிய மஞ்சள் நிறமாக இருந்தால் போதிய நீர் உள்ளே செல்கிறது என்று பொருள். அடர்ந்த மஞ்சளாகவும் அளவில் குறைவாகவும் இருந்தால் பானை வற்றுகிறது என்று பொருள். சில மருந்துகளும் வைட்டமின் மாத்திரைகளும் நிறத்தை மாற்றக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெளியே புறப்படுமுன் ஒரு தம்ளர், திரும்பியதும் ஒரு தம்ளர், ஒவ்வொரு வேளை உணவோடும் ஒரு தம்ளர், இடையிடையே சிறிது சிறிதாக என்று பழகிக்கொண்டால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. முதியோருக்குத் தாகத்தை எதிர்பாராமல் வேளை தவறாது கையில் கொடுத்துவிடுவதே சிறந்தது.

மூன்று எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். இதயத் தளர்ச்சியோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், தம் மருத்துவர் சொன்ன அளவை மீறலாகாது; அவர்களுக்கு மிகுதியும் தீங்குதான். நலமாக இருப்பவர்களும் குறுகிய நேரத்தில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடித்தால், இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். மூன்றாவது, ஆறு மாதம் நிறையாத பச்சிளங் குழந்தைக்கு எத்தகைய கோடையிலும் தண்ணீர் புகட்ட வேண்டாம். தாய்ப்பாலிலேயே அதற்கு வேண்டிய நீர் முழுவதும் இருக்கிறது. பாட்டிமார்கள் அன்பினால் சங்கில் ஊற்றும் தண்ணீர் குழந்தையின் பசியை அடக்கிப் பாலைக் குறைத்துவிடும், நோய்க்கிருமிகளையும் கொண்டுசேர்க்கும். தாய்க்குத்தான் அதிகம் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

எதைக் குடிப்பது என்ற கேள்விக்கு நம் முன்னோரின் சமையலறையே விடை தரும். நீர்மோரில் நீரும் உப்பும் ஒருங்கே இருக்கின்றன. பழைய சோற்று நீராகாரத்தில் உப்பிட்டு அருந்திய உழவர்கள் ஏர் பிடித்து நண்பகல் வரையில் தாங்கினார்கள். இளநீரும் நுங்கும் இங்கே அரிதாகவும் விலையாகவும் இருக்கின்றன என்று ஏங்குவோர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, இந்த ஊர் தன் வெயிலுக்குத் தானே வைத்தியம் வைத்திருக்கிறது என்பதுதான். நம்முடைய மோருக்கு இங்கே 'சாச்' என்று பெயர். எலுமிச்சைச் சாற்றில் கறுப்புப்பும் வறுத்த சீரகமும் சேர்த்த 'சிக்கஞ்சி', சுட்ட மாங்காயைக் கரைத்துச் செய்யும் 'ஆம் பன்னா' ஆகியவை நம் பானகத்துக்கு உடன்பிறப்புகள். நீண்டு வளைந்த 'கக்கடி' வெள்ளரியும், தர்ப்பூசணியும், 'கர்பூஜா' முலாம்பழமும் உண்ணக்கூடிய தண்ணீர் என்றே சொல்லலாம்.

பழைய டில்லியில் 1906-ஆம் ஆண்டில் ஹம்தர்த் மருந்தகத்தைத் தொடங்கிய ஹக்கீம் ஹாபிஸ் அப்துல் மஜீத், கோடை வெம்மைக்காக ஆக்கிய சிவந்த சர்பத்துதான் 'ரூஹ் அஃப்சா'. அதன் சுவையை நானும் விரும்புகிறவன். ஆயினும் அதில் சர்க்கரை மிகுதி என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் மோரோடு நிறுத்திக்கொள்வது நலம். காப்பி, தேநீரை அளவோடு அருந்துவதனால் உடல் வறண்டுவிடாது. அவற்றிலுள்ள நீரும் கணக்கில் சேரும். புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்களை மட்டும் தண்ணீருக்குப் பதிலாகக் கொள்ளலாகாது.

நீர் போதுமான அளவு இருந்தால் போதாது. தூய்மையாகவும் இருக்க வேண்டும். இதை டில்லி நகரம் மிகக் கடுமையான முறையில் கற்றுக்கொண்டது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில், வெள்ளத்துக்குப் பிறகு யமுனையின் போக்கு மாறியது. நஜப்கர் வடிகாலின் கழிவுநீர், வஜீராபாத்தில் குடிநீருக்காக ஆற்றுநீரை எடுக்கும் இடம் வரையில் பின்னோக்கிப் பரவியது. நீருக்குக் குளோரின் சேர்க்கப்பட்டதால் டைபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆனால் காமாலைக் கிருமி தப்பிவிட்டது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கருவுற்ற தாய்மார்களுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. அக்காலத்து இரத்த மாதிரிகளை 1980-ஆம் ஆண்டில் மீண்டும் சோதித்தபோதுதான், அது அதுவரை அறியப்படாத வேறொரு கிருமி என்று தெரிந்தது. இன்று அதனை 'ஹெபடைடிஸ் ஈ' என்கிறோம்.

குழாயில் வருவதெல்லாம் குடிநீர் என்று எண்ணிவிடலாகாது என்பதே இதனால் நாம் அறிய வேண்டுவது. ஐயமுள்ள நீரைக் கொதிநிலை வந்தபின் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து அருந்துவது எளிய காப்பு. வடிகட்டும் இயந்திரம் உள்ளவர்கள் அதன் உறுப்புகளைக் காலந்தவறாமல் மாற்ற வேண்டும். மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி உண்டா, அதைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்று வீட்டுக்காரரைக் கேட்பதில் தவறில்லை. மண்பானையையும் அடிக்கடி காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் மொள்ள வேண்டும்.

வெயிலோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் பானை இரண்டு பக்கமும் ஒழுகுகிறது என்று பொருள். அப்போது வெறும் தண்ணீர் போதாது. இதற்கு மருந்து கண்டதில் நம் நாட்டவரின் பங்கு பெருமைக்குரியது. 1953-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் மருத்துவர், காலரா கண்டவர்களுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதை லண்டன் மருத்துவ ஏடான 'லான்செட்'டில் வெளியிட்டார். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து சென்றால்தான் குடல் அவற்றை விரைவாக ஏற்று, கூடவே நீரையும் உள்ளிழுத்துக்கொள்கிறது என்பதன் விளக்கம் பின்னர் கிடைத்தது. 1971-ஆம் ஆண்டில் வங்காள அகதிகள் பொங்காவ்ன் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரையில் இருந்த சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

இன்று அந்தக் கரைசலின் பொட்டலம் மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. உறையின்மீது உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று குறித்திருப்பதைப் பார்த்து வாங்கி, உறையில் சொன்ன அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, தூய நீர் ஒரு லிட்டரில் மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், மட்டமாக எடுத்த அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு அளவுக்கு மிஞ்சினால் தீங்கு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

வெயில் தாக்கி ஒருவர் பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அது அவசர நிலை. 112 என்ற எண்ணை அழைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணியை வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. அது மூச்சுக் குழலுக்குள் சென்றுவிடும். 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் டில்லி சப்தர்ஜங் நிலையத்தில் 46.8 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அதற்கு முந்திய 79 ஆண்டுகளில் அவ்வளவு வெப்பம் அங்கே கண்டதில்லை. கரோல் பாக்குக்கு அருகிலுள்ள டாக்டர் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை, வெயில் தாக்கியவர்களைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் கிடத்திக் காப்பாற்றுவதற்கென்று அக்கோடையில் தனிப் பிரிவையே அமைத்தது. பானையைக் குளிர்விக்கும் தண்ணீரே மனிதரையும் மீட்கிறது.

கோடை கழிந்து மழை தொடங்கினால் கவலையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஆடி, ஆவணியில் டில்லிக் காற்றும் ஈரமாகிறது. அப்போது கூலர் பயன்படாது. வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. நீர் செலவாகிறதே தவிர உடல் குளிர்வதில்லை. மார்கழி, தை மாதங்களிலோ மூடுபனியும் நடுக்கமும் தாகத்தை அடக்கிவிடுகின்றன. நாள் முழுவதும் இரண்டு கோப்பைத் தேநீரோடு கழிப்பவர்கள் பலர். சிறுநீரகக் கல்லுக்கு அது வழி திறந்துவிடும். குளிர்காலத்தில் வெந்நீரைக் குடுவையில் நிரப்பி மேசைமீது வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

முடிக்குமுன் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஜூன் மாத வாக்கில் நீங்கள் கரோல் பாக் தெருக்களில் நடந்தால், சீக்கிய இளைஞர்கள் வழியில் நின்று, போவோர் வருவோரையெல்லாம் மறித்து, குளிர்ந்த இனிப்பு நீரைக் கையில் கொடுப்பதைக் காண்பீர்கள். 'சபீல்' என்று அதற்குப் பெயர். 1606-ஆம் ஆண்டில் கொடும் வெம்மையில் வதைக்கப்பட்டு உயிர்நீத்த குரு அர்ஜன் தேவரின் நினைவாக நடக்கும் அறம் அது. சாதியும் மொழியும் கேட்பதில்லை, தாகம் உண்டா என்றும் கேட்பதில்லை, கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் கோடைதோறும் வைக்கும் தண்ணீர்ப் பந்தலும் அதே அறந்தானே?

அந்த அறத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவருவோம். வாசலில் பொட்டலம் கொண்டுவந்து நிற்கும் இளைஞனுக்கும், மாடி ஏறி வரும் தபால்காரருக்கும் கேளாமலே ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்போம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரிடம் "தாகமா?" என்று கேட்பதை விட்டு, தம்ளரை நிரப்பிக் கையில் கொடுத்துப் பக்கத்தில் ஒரு நிமிடம் உட்கார்வோம். எங்கள் தெருப் பெரியவர் அடுத்த கோடையிலும் வந்தார். அவருடைய கட்டிலருகே ஒரு சிறிய மண்பானை இருந்தது. காலையில் அதை நிரப்புவது பேரனின் வேலை. மாலையில் மூடியைத் திறந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பதும் அவன் வேலைதான். குறையாமல் இருந்தால் தாத்தாவிடம் கோபித்துக்கொள்வான்.

இந்த ஊரின் உலர்ந்த காற்று நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதைச் சொல்லிவிட்டு எடுப்பதில்லை. நாமும் கேட்குமுன்பே ஊற்றிவைக்கப் பழகிக்கொள்வோம்.